பதினோராம் நம்பர் காட்டில் மருந்தடித்த நாள்

ஒத்தக்கல் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பாலாமணி போன வருடம் மாசி மாதம் நீதிபதியானாள். சிரிக்காதீர்கள், சட்டப்படி அப்படித்தான். வேலை செய்கிற இடத்தில் பெண்களிடம் யாராவது தவறாக நடந்தால் விசாரிக்க ஒரு கமிட்டி இருக்க வேண்டும். அந்தக் கமிட்டி ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கலாம், ரிஜிஸ்தரைக் கொண்டுவரச் சொல்லலாம். அந்த அளவில் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிற சான்றிதழுக்கும் அது தேவைப்பட்டதால் மேனேஜர் நாலு பேரை ஒரு பலகையில் எழுதி ஆபீஸ் வாசலில் மாட்டிவிட்டார். ஆபீஸ் கிளார்க் மாலதி தலைவி. ஃபேக்டரியிலிருந்து பவுல்ராஜ். காட்டில், அதாவது தேயிலைத் தோட்டத்தில், வேலை செய்கிறவர்கள் சார்பில் பாலாமணி. வெளியாளாக ஊட்டி காந்தலிலிருந்து லோயிஸ் மேடம்.

லோயிஸ் சட்டம் படித்தவர், ஒரு டிரஸ்டில் வேலை. பதினாலு எஸ்டேட்டின் கமிட்டிகளையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஜெகதளாவில் ஒரு சமுதாயக் கூடத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். எட்டாம் வகுப்பு வரை படித்த பாலாமணி நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

"சட்டம் படிக்காத நாம எப்படித் தீர்ப்பு சொல்றதுன்னு பயப்படாதீங்க" என்றார் லோயிஸ். "ராஜாக்கள் போயி நாடுங்க புதுசாக் குடியரசு ஆன காலத்துல, ஊருக்கு ஊர் படிச்ச ஜட்ஜுக்கு எங்க போறது? விவசாயி, கொல்லன், கடைக்காரன், இப்படி ஊர்ல யோக்கியன்னு பேரெடுத்தவனைப் பிடிச்சு உக்கார வச்சாங்க. கையில ஒரு புஸ்தகம் கொடுத்தாங்க. அவன் எழுதினதை மேல இருக்கறவங்க வாங்கிப் பாத்துத் தப்பு இருந்தாத் திருத்தினாங்க. நமக்கும் புஸ்தகம் இருக்கு. மேல பாக்கறதுக்கு நான் இருக்கேன்."

பாலாமணிக்கு அந்தப் பேச்சு அப்படியே பிடித்துப்போயிற்று. எஸ்டேட்டில் அவளை யாரும் இவ்வளவு பெரிய இடத்தில் வைத்துப் பேசியதில்லை. தனக்கு நேரில் தெரிந்த விஷயமானாலும் அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது, கமிட்டி முன்னால் சாட்சி வந்து சொன்னால்தான் கணக்கு என்று லோயிஸ் சொன்னதை எழுதிக்கொண்டாள். விசாரணையில் கேட்டதைக் கட்டினவரிடம்கூட வாய் திறக்கக் கூடாது என்பதையும் எழுதி அடிக்கோடு போட்டாள். எங்கள் பக்கத்தில் லைன் வீடுகளுக்கு நடுவில் ஒற்றைச் சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் அவள் ரகசியம் காக்கக் கிளம்பினாள்.

ஆடி மாதத்தில் முதல் புகார் வந்தது. காற்றும் அவ்வப்போது சாரலுமான வாரம் அது. புகார் கொடுத்தவள் ராஜப்ரியா, அடுத்த லைனில் அம்மாவோடு இருக்கிற பெண். காலேஜில் இரண்டு வருடம் படித்து, அப்பா போனபிறகு நின்றுவிட்டுக் கொழுந்துக்கு வந்தவள். பதினாலாம் நம்பர் காட்டில் மூன்று மணி எடைக்கு எல்லாரையும் சாக்கோடு கீழே அனுப்பிவிட்டு, விட்டுப்போன கொழுந்தை எடுத்துவிட்டு வா என்று சூப்பர்வைசர் ஆறுக்குட்டி அவளை மட்டும் நிறுத்தினார். பின்னாலிருந்து வந்து இடுப்பைப் பிடித்தார். கையிலிருந்த கொழுந்து வெட்டும் கத்தரியால் இடித்துத் தள்ளிவிட்டுச் சரிவில் உருண்டும் புரண்டும் இறங்கி வந்தாள். முழங்கை இரண்டும் உரிந்திருந்தன.

ஆறுக்குட்டி யார் என்றால், பாலாமணியின் வீட்டுக்காரன் ராசுவுக்குச் சின்ன வயதுக் கூட்டாளி. ராசுவின் அம்மா செத்தபோது மூன்று மாதம் அவனைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டது ஆறுக்குட்டியின் அம்மா. ராசு இப்போது மருந்தடிக்கும் கேங்கில் இருந்தான்.

அன்று பொழுதோடு ராகிக் களியும் மொச்சைக் குழம்பும் போட்டு வைத்தாள். ராசு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"ஏம்புள்ள, ஆறுக்குட்டி மேல ஏதோ பெட்டிசனாமா?"

"களி ஆறுதுங்க. சாப்புடுங்க."

"நான் கேட்டது காதுல உளுந்துதா?"

"உளுந்துதுங்க. சொல்லக் கூடாதுங்க."

"என்றகிட்டயேவா?"

"உங்ககிட்டத்தானுங்க மொதல்ல சொல்லக் கூடாது. நோட்டுலயே எழுதியிருக்குது."

ராசு சிரித்துவிட்டான். "செரி, ஜட்ஜம்மா இன்னொரு கரண்டி கொழம்பு ஊத்தலாமா? இல்ல அதுக்கும் சட்டத்துல எடமில்லையா?"

விசாரணை ஆபீஸ் பின்னறையில் நடந்தது. ஆறுக்குட்டி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பதறாமல் பதில் சொன்னார். சம்பவம் நடந்ததாகச் சொல்கிற நேரத்தில் அவர் பதினாலாம் நம்பரில் இல்லவே இல்லை. பதினோராம் நம்பர் காட்டில் அடுத்த சுற்றுக்குக் கொழுந்து வந்திருக்கிறதா என்று தனியாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அன்று யாருக்கும் வேலை இல்லை, அதனால் பார்த்தவர்களும் இல்லை. ரிஜிஸ்தரைப் புரட்டினார்கள். மருந்தடிக்கும் கேங் ஒன்பதாம் நம்பர் என்றிருந்தது. பதினொன்று காலி.

பாலாமணிக்கு நாக்கு அரித்தது. அன்று ஒன்பதாம் நம்பரில் மருந்தடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். காற்று மருந்தைப் பால்வாடிப் பக்கம் இழுக்கிறது என்று ராசு தன் கேங்கைப் பதினொன்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான், வீட்டுக்கு வந்து சொன்னான். ரிஜிஸ்தரைத் திருத்த யாரும் மெனக்கெடவில்லை. அந்தப் பழைய எழுத்தை நம்பி ஆறுக்குட்டி ஆளில்லாத காடாகப் பார்த்துப் பொய் சொல்கிறார். ஆனால் தனக்குத் தெரிந்தது கணக்கில்லை, சாட்சி வந்து சொல்ல வேண்டும். கேங்கில் ராசுவோடு இருந்த ஜார்க்கண்ட்காரர்கள் இருவரும் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. மீதி இருந்தது ஒரே ஆள்.

"மருந்தடிக்கற கேங்குல இருந்து சாட்சி கூப்புடோணுமுங்க மேடம்" என்றாள்.

லோயிஸ் நிமிர்ந்து பார்த்தார். "சட்டம் படிச்ச எனக்கு இது தோணலையே பாலாமணிம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அன்றைக்கு முழுக்க அவள் சாரலில் நனைந்ததுகூடத் தெரியாமல் பறித்தாள்.

மறுநாள் ராசு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். காட்டு வேலைக்காரர்களிடம் கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும் என்று பாலாமணியிடம் விட்டுவிட்டார் லோயிஸ். புஸ்தகப்படி முதல் கேள்வி பெயர். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவன் பெயரை அவள் வாயால் சொன்னது கிடையாது, கேட்டதும் கிடையாது.

"உங்க பேரு என்னங்க?"

பவுல்ராஜ் மேசைக்கு அடியில் குனிந்து செருப்பைச் சரிசெய்தார், சிரிப்பை மறைக்க.

"ராசு."

"அப்பா பேரு?"

"உங்க மாமனாருதானுங்க. காத்தமுத்து."

"அன்னிக்கு எங்கீங்க மருந்தடிச்சீங்க?"

"ஒம்பதாம் நம்பர்ல ஆரம்பிச்சமுங்க. காத்து பால்வாடிப் பக்கமா இழுத்துச்சு. கொழந்தைக இருக்குதேன்னு நிறுத்திப்போட்டுப் பதினொண்ணுக்குப் போயிட்டமுங்க. பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும் அங்கதான்."

"அந்தக் காட்டுல சூப்பர்வைசரைப் பாத்தீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் ஆறுக்குட்டி உட்கார்ந்திருந்தார். ராசு அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தான்.  அவளைப் பார்த்தே சொன்னான்.

"பாக்கலீங்க. மருந்தடிக்கறப்ப ஆராச்சும் உள்ள வந்தா நாங்க கத்தி நிறுத்துவமுங்க. அன்னிக்கு ஆரும் வரலீங்க."

வெளியே போகும்போது அவன் பெஞ்சைக் கடந்துதான் போக வேண்டும். ஆறுக்குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றோடு அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

நாலு பேரும் ஒருமனதாகப் புகார் உண்மை என்று முடிவு செய்தார்கள். ஆறுக்குட்டியைப் பெண்கள் வேலை செய்கிற இடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்று மாலதி ஒரு தாளில் குறித்தாள். லோயிஸ் அதை வாங்கிக்கொண்டார். இங்கிலீஷில் டைப் செய்து மேனேஜருக்கு அனுப்ப வேண்டும், அடுத்த வாரம் லோயிஸுக்கு வெளியூர் மீட்டிங், திரும்ப இவ்வளவு தூரம் வர முடியாது. பெயர்கள் மட்டும் அடித்த கடைசிப் பக்கத்தை நீட்டி, "இதுல கையெழுத்துப் போட்டுருங்க, மீதியை நான் சேத்துக்கறேன்" என்றார்.

பாலாமணி போட்டாள். இதைக் கேட்டு நீங்கள் அவளை மட்டமாக நினைத்தால் உங்களுக்கு எடைக் கொட்டகை தெரியாது என்று அர்த்தம். அங்கே சாக்கைத் தூக்கி மாட்டினதும் தராசு முள் எங்கே நிற்கிறது என்று பறித்தவள் கண்ணால் பார்ப்பாள். எழுத்தை அப்புறம் சாவகாசமாக எழுதிக்கொள்வார்கள், அட்டையைக் கொடுத்துவிட்டு அவள் போய்விடுவாள். எழுதுகிற வரைக்கும் மழையில் யார் நிற்பது? முப்பது வருடமாக அவள் அப்படித்தான். முள்ளைப் பார்த்தாயிற்று, முடிவு என்னவென்று கேட்டாயிற்று. அதிலும் எழுதப்போவது லோயிஸ் மேடம்.

ஆவணி பாதியில் ஆறுக்குட்டி பழையபடி அதே கேங்குக்கே சூப்பர்வைசராக வந்து நின்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜப்ரியா அன்று அரைநாளோடு வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆபீஸிலிருந்து அவளுக்கு வந்த ரிப்போர்ட் கவரோடு பாலாமணி வீட்டு வாசலில் வந்து நின்றாள். ராசு உள்ளே உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தான்.

"வா கண்ணு. டீ வெக்கட்டுமா?"

"வேண்டாங்க்கா. இது உங்க கையெழுத்துத்தானே, பாத்துச் சொல்லுங்க."

"என்றதுதான்."

"அப்பக் கேளுங்க. ராசண்ணா, நீங்களும் கேளுங்க."

ராஜப்ரியா வாசலிலேயே நின்று இங்கிலீஷை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். புகார் நிரூபிக்கப்படவில்லை. மருந்தடித்த இடம் ஒன்பதாம் நம்பர் என்று ரிஜிஸ்தர் சொல்கிறது. மறுத்துச் சொன்ன சாட்சி கமிட்டி உறுப்பினர் ஒருவரின் கணவர். அதுவும் போக, நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர். வேலை நேரத்தில் போதையில் மருந்து டேங்கோடு காட்டில் விழுந்து கிடந்திருக்கிறார். அவருடைய ஞாபகத்தை நம்ப முடியாது.

ராசு கத்தியைக் கீழே வைத்தான்.

"அதை இன்னொருக்காப் படி சாமி."

அவள் படித்தாள். ராசு தலையை ஆட்டினான், ஏதோ கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டுக்கொண்ட மாதிரி.

"எனக்கு நடந்தது பொய்யின்னு போட்டீங்க" என்றாள் ராஜப்ரியா. குரல் உடைந்தது. "அதைக்கூட விடுங்க. எனக்கோசரம் தன்ற கூட்டாளியவே எதுத்துட்டு வந்து சொன்ன மனுசன். அவரைக் குடிகாரர்ன்னு எழுதறதுக்கு உங்களுக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு?"

 நான் எழுதலை என்று சொல்லப் பாலாமணி வாயைத் திறந்தாள். கமிட்டிக்குள் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று அடிக்கோடு போட்ட வரி அந்த நேரத்தில் போய் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பாழாய்ப்போன வரிக்காக அவள் வாயை மூடிக்கொண்டாள். ராஜப்ரியா காகிதத்தைக் கவருக்குள் மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ராசுதான் பேசினான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஓடைக்கு மேக்கால நான் உளுந்து கெடந்தப்ப நீதான் வந்து தூக்குனே. ஆபீசுல கால் வழுக்கிப்போச்சுன்னு சொன்னம். அது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் தொட்டு எத்தன வருசமாச்சு?"

"ஆறு வருசமாச்சுங்க."

"ஆருகிட்டச் சொன்னே?"

யாரிடம் சொன்னாள் என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஜெகதளாவில் இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் அவரவர் கஷ்டத்தைச் சொன்னார்கள். அவளும் அழுதுகொண்டே சொன்னாள். இந்த அறையை விட்டு ஒரு வார்த்தை வெளியே போகாது என்று லோயிஸ் மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு, குன்னூர் போய் பஸ் மாறி ஊட்டிக்குப் போனாள். காந்தலில் வீடு விசாரித்துக் கண்டுபிடிக்கும்போது பதினொரு மணி. லோயிஸ் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டாலும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீயும் வர்க்கியும் கொண்டுவந்து வைத்தார். பாலாமணி தொடவில்லை.

"ரிப்போர்ட்டை மாத்திப்போட்டீங்களே மேடம்."

"நான் சொல்றதைக் கேளுங்க. நாம எழுதினதை மேனேஜ்மென்ட் ஏத்துக்காதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. அனுப்பினா எங்க டிரஸ்டைப் பதினாலு எஸ்டேட்ல இருந்தும் எடுத்துருவாங்க. அப்புறம் எந்தப் பொண்ணுக்கும் கமிட்டியே இருக்காது. ஒரு கேஸை விட்டாத்தான் மீதியைக் காப்பாத்த முடியும்."

"அந்த ஒரு கேசு ராஜப்ரியாவுதுங்களே."

"எனக்கும் வருத்தம்தான் பாலாமணிம்மா. ஆனா நீங்க எழுதறதைப் பாத்துத் திருத்தறது என் வேலை. அதை அன்னிக்கே சொன்னேன்ல?"

"தப்பா இருந்தாத் திருத்தோணுமுங்க. நாம பண்ணுனது தப்பில்லைன்னு உங்களுக்கே தெரியுமுங்களே."

 பாலாமணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது போகட்டுமுங்க. நான் அழுதுட்டுச் சொன்னதை எதுக்குங்க எழுதுனீங்க? என்ற ஊட்டுக்காரரு உங்களுக்கு என்னங்க பண்ணுனாரு?"

"சாட்சியைத் தள்ளணும்னா ஒரு காரணம் காட்டணும். வேற காரணம் இல்ல" என்றார் லோயிஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதை வெளிய பேசினா நடவடிக்கை உங்க மேலதான் வரும். ரகசியம் காக்கறது சட்டம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"உங்களைச் சாமி மாதர நம்புனேனுங்க. அதனாலதான் வெத்துத்தாள்ல போட்டேன். வேற ஆராச்சும் நீட்டியிருந்தா நான் போட்டிருக்க மாட்டேனுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் சாவு வீட்டுக்குப் போகிறவள் என்று நினைத்து வழிவிட்டார்கள். இறங்கினதும் நேராக ராஜப்ரியா வீட்டுக்குப் போய், அவளையும் அவள் அம்மாவையும் உட்காரவைத்து ஒன்றுவிடாமல் சொன்னாள். ரகசியம் காத்தது போதும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ராஜப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தொண்ணூறு நாளுக்குள் அப்பீல் போகலாம் என்று புஸ்தகத்தில் இருந்தது. குன்னூரில் ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். காகிதத்தைப் படித்துவிட்டு வக்கீல் சொன்னது ஒன்றுதான்: கமிட்டி அம்மா உண்மையை எழுதிக் கொடுக்கட்டும், அது முக்கியம், ஆனால் பதினோராம் நம்பர் காட்டில் இருந்த ஆள் வந்து சொன்னால்தான் கேஸ் நிற்கும்.

பாலாமணி தன் கையெழுத்தில் மூன்று பக்கம் எழுதினாள். ராசுவிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். பத்து நாளாக அதற்கு மேல் பேச்சில்லை. வேலைக்குப் போனான், வந்தான், போட்டதைச் சாப்பிட்டான்.

கோர்ட்டுக்குப் போகிற நாள் காலையில் மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. வெள்ளைச் சட்டையை எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு பாலாமணி சேலை மாற்றிக்கொண்டாள். ராசு காட்டு வேலைக்குப் போடுகிற பழைய பேண்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, இன்னும் கெளம்பலீங்களா? ராஜப்ரியா பஸ் ஸ்டாப்புல நிக்கறா."

"நான் வரல."

"அந்தக் காகிதம் நான் எழுதலீங்க. அதுதான் சொன்னேனுங்களே. நம்பிக்கையில்லீங்களா?"

"நம்பிக்கை இருக்குது. அந்தம்மாதான் எழுதுச்சு. நீ எழுதல."

"அப்ப வாங்க. நீங்க வந்தாத்தான் அந்தப் புள்ளைக்கு நியாயம் கெடைக்கும்."

"அங்க மொதக் கேள்வி என்ன கேப்பாங்க? காட்டுல குடிச்சுப்போட்டு உளுந்தியான்னு கேப்பாங்க. ஆமாங்கன்னு சொல்லோணும். எனக்குப் பொய் சொல்ல வராது. அத்தன பேரு முன்னால, ஆறுக்குட்டி பாத்துட்டு நிக்கறப்ப."

"ஆறு வருசமாத் தொடலைன்னு நான் சொல்றேனுங்க. நான் இருக்கறேன்ல?"

ராசு செருப்புக்குள் காலை நுழைத்தான். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

"அவிய அம்மா போட்ட சோத்தை மறந்துபோட்டு, நீ கூப்புட்டேன்னு வந்து சொன்னேன் பாலா. அந்த மேனேஜருக்கோ மேடத்துக்கோ சொல்லல. கேக்கறது நீங்கறதால சொன்னேன். நான் உளுந்து கெடந்ததும் உன்னைத் தவிர ஆருக்கும் தெரியாதுன்னுதான் இத்தன நாளாத் தல நிமுந்து நடந்தேன்."

"தப்புத்தானுங்க. கால்ல வேணாலும் உளுகறேன். இந்த ஒருக்கா வாங்க."

அவன் கதவைத் திறந்தான். வெயில் உள்ளே வந்தது. முகத்தில் கோபம்கூட இல்லை, அசதிதான் இருந்தது.

"என்னைக் கேட்டாங்கன்னா நீயே சொல்லீரு புள்ள. என்ற ஊட்டுக்காரர் குடிகாரருங்க, வரமாட்டாருங்கன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."